கோடையில் விற்பனை, குளிரில் கொள்முதல்! - பூடானின் மின்சார ஆறுகளைத் தேடி ஒரு பயணம்

பூடானின் தலைநகர் திம்புவில் ஒரு டிராஃபிக் சிக்னல்கூடக் கிடையாது. ஒருமுறை வைத்துப் பார்த்தார்கள். மக்களுக்குப் பிடிக்கவில்லை, எடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் நகரின் நடுவில், வண்ணம் பூசிய குட்டி மண்டபத்துக்குள் நின்றபடி, வெள்ளைக் கையுறை போட்ட போலீஸ்காரர் நடனம் ஆடுவதுபோலக் கையசைத்து வண்டிகளை அனுப்பிவைக்கிறார். டூரிஸ்ட்டுகள் எல்லோரும் அங்கே ஒரு செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள்.

மின்சாரத்துக்குப் பஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். சுமார் 8 லட்சம் பேர் மட்டுமே வாழும் இந்த நாடு, இந்தியாவுக்கே மின்சாரம் விற்கிறது. அரசுக்கு வருமானம் தரும் பெரிய தொழிலும் அதுதான். ஆனால், டிசம்பர் பிறந்துவிட்டால் கதை தலைகீழ். அதே இந்தியாவிடம் இருந்து மின்சாரம் வாங்கித்தான் பூடான் குளிர்காலத்தை ஓட்டுகிறது.

மடாலயம், மலை, மகிழ்ச்சி... இந்த மூன்றுக்காகத்தான் பெரும்பாலும் பூடான் போவார்கள். நான் ஆறுகளைப் பார்க்கப் போனேன், அதுவும் குளிர்காலத்தில்.

மலைக்குள் ஒளிந்திருக்கும் பணம்

மேற்கு வங்கத்தின் ஜெய்காவ்ன் ஊரில் இருந்து ஒரு நுழைவாயிலைத் தாண்டினால் பூடானின் ஃபுன்ஷோலிங். ஹாரன் சத்தம் சட்டென்று அடங்கிவிடுகிறது. அங்கிருந்து திம்பு சுமார் 150 கிலோமீட்டர். இந்தியாவின் எல்லைச் சாலைகள் அமைப்பு 1960-களின் தொடக்கத்தில் இந்தப் பாதையைப் போடும்வரை, இந்தத் தூரத்தை மக்கள் நடந்தும் கோவேறு கழுதைகளிலும்தான் கடந்தார்கள். திம்புவில் முதல் நீர்மின் நிலையம் வந்ததே 1967-ல்தான். அதன் திறன் வெறும் 360 கிலோவாட்.

எங்கள் ஓட்டுநர் தெற்கு பூடான்காரர். நேபாளி, ஜோங்கா, இந்தி என எல்லாம் பேசுவார். அவரை 'தாஜு' என்றுதான் கூப்பிட்டேன். நேபாளியில் அண்ணன். அவரோ ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் ஒரு 'லா' போடுவார். ஜோங்காவில் அது மரியாதைச் சொல், நம் 'ங்க' மாதிரி.

வளைந்து வளைந்து ஏறும் சாலையில் மூடுபனிக்குள் கேடு என்ற ஊர் வருகிறது. சொல்லாவிட்டால் யாரும் வண்டியை நிறுத்தமாட்டார்கள். ஆனால், பூடான் அரசின் முதலீட்டு நிறுவனமும் பிட்டியர் என்ற வெளிநாட்டு நிறுவனமும் சேர்ந்து 2023-ல் 100 மெகாவாட் அளவுக்கு பிட்காயின் கணினிகளை நிறுவியது இந்த ஊரில்தான். ஆற்று நீர் மின்சாரமாகி, மின்சாரம் பிட்காயினாகிறது. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

கேடுவைத் தாண்டினால் பள்ளத்தாக்கின் அடியில் வாங்சூ ஆறு கூடவே வருகிறது. 'சூ' என்றால் ஜோங்காவில் தண்ணீர், ஆறு. பூடானின் மின்சாரக் கதை பெரிதாகத் தொடங்கியது இந்த ஆற்றில்தான். 336 மெகாவாட் சுக்கா மின்நிலையம் இந்தியாவின் பணத்தில், சுமார் 246 கோடி ரூபாயில் எழுந்தது. 60 சதவிகிதம் மானியம், 40 சதவிகிதம் 5 சதவிகித வட்டிக் கடன். 1988-ல் அதைத் தொடங்கிவைக்க வந்தவர் அப்போதைய இந்தியக் குடியரசுத் தலைவர், நம் ஊர்க்காரர் ஆர்.வெங்கட்ராமன். பின்னர், 2006-07-ல் அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில் 1,020 மெகாவாட் தாலா நிலையம் வந்தது.

"மின்நிலையம் எங்கே இருக்கு தாஜு?" என்று தேடித் தேடிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே எதிரில் இருந்த மலையைக் காட்டினார். அணை மட்டும்தான் வெளியே. தாலாவில் அணைக்குப் பின்னால் இருந்து தண்ணீர், மலையைக் குடைந்த சுமார் 23 கிலோமீட்டர் சுரங்கத்தில் ஓடி, 800 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருந்து விழுந்து டர்பைனைச் சுற்றுகிறது. டர்பைன்களும் மலைக்குள்தான்.

ஓடும்வரைதான் காசு

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் பூடானின் மொத்தச் சிக்கலும் புரிந்துவிடும். இந்த அணைகள் மாதக்கணக்கில் தண்ணீரைத் தேக்கிவைப்பவை அல்ல. ஆறு போகிற போக்கில் அதைச் சுரங்கத்துக்குள் திருப்பிவிடும் தடுப்புகள். சில மணி நேரத்துக்கு வேண்டுமானால் நிறுத்திவைக்கலாம். பெரிய ஏரி உருவாகாது, ஊர்கள் மூழ்காது, காடு அழிவது குறைவு. நாட்டின் 60 சதவிகித நிலம் எப்போதும் காடாகவே இருக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கும் பூடானுக்கு இது பொருத்தமான வழி.

ஆனால், ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவமழையிலும் பனி உருகலிலும் பொங்கும் ஆறு, டிசம்பரில் பாறைகளுக்கு நடுவே நீலக் கயிறுபோல ஒல்லியாகிவிடுகிறது. நான் பார்த்ததும் அப்படித்தான். ஆற்றுப்படுகையில் பாதிக்கு மேல் வெறும் கூழாங்கல். அந்த மாதங்களில் மின் உற்பத்தி மொத்தத் திறனில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும்.

அதே நேரத்தில்தான் வீடுகளில் ஹீட்டர் ஓடும். திம்புவில் நான் தங்கிய விடுதியில் அறைக்கு ஒரு மின் ஹீட்டர். கீழே வரவேற்பறையில் மட்டும் 'புகாரி' எனப்படும் விறகு அடுப்பு. மாலையானால் விருந்தினர், சமையல்காரர், பக்கத்து வீட்டுப் பாட்டி என எல்லோரும் அதைச் சுற்றித்தான். வீடுகள் போக, ஃபுன்ஷோலிங் அருகே பசாக்காவில் இருக்கும் ஃபெர்ரோசிலிக்கான் ஆலைகளும் மின்சாரத்தை விழுங்குகின்றன. விளைவு, 2022 ஜனவரி முதல் இந்திய மின் சந்தையில் ஏலம் கேட்டு குளிர்கால மின்சாரம் வாங்குகிறது பூடான். மலிவாக விற்ற பொருளைச் சந்தை விலைக்குத் திரும்ப வாங்கும் நிலை.

பிட்காயின் கதை இங்கேதான் ஒட்டுகிறது. கோடையில் மிஞ்சும் மின்சாரத்தை யூனிட் இவ்வளவு என்று விற்பதைவிட, உள்ளூரிலேயே வேறு பொருளாக மாற்றினால் லாபம் என்பது அரசின் கணக்கு. கணக்கு ஓரளவு பலித்தும் இருக்கிறது. தெற்கே உருவாகிவரும் கெலெஃபு நகரத் திட்டத்துக்காக 10,000 பிட்காயின் வரை ஒதுக்குவதாக 2025 டிசம்பரில் அறிவித்தார்கள். ஆனால், அதன் விலை ஏறினால் மலை, இறங்கினால் மடு. குளிர்காலத்திலும் அந்தக் கணினிகள் ஓடினால், வாங்க வேண்டிய மின்சாரமும் கூடும்.

வாங்டியில் நழுவிய மலை

திம்புவில் இருந்து 3,100 மீட்டர் உயர தோச்சுலா கணவாயைத் தாண்டி இறங்கினால் புனாக்கா. போ சூ, மோ சூ என்ற இரண்டு ஆறுகள் சேரும் இடத்தில் 17-ம் நூற்றாண்டுக் கோட்டை மடம். சேர்ந்த பிறகு ஆற்றின் பெயர் புனாட்சாங்சூ. அதன் கரையோரமாகவே போய் வாங்டி ஊரைத் தாண்டினால், மலைச்சரிவு முழுக்க கான்கிரீட் பூச்சும் இரும்புக் கம்பிகளுமாகக் காயத்துக்குக் கட்டுப்போட்டதுபோல ஓர் இடம். புனாட்சாங்சூ-1 திட்டம், 1,200 மெகாவாட்.

2008-ல் தொடங்கிய வேலை 2015-ல் முடிந்திருக்க வேண்டும். 2013-ல் அணை கட்டும் இடத்துக்கு மேலே வலது கரை மலை நழுவத் தொடங்கியது. முட்டுக்கொடுத்தார்கள், கான்கிரீட் கொட்டினார்கள். மலை கேட்கவில்லை. சுமார் 3,515 கோடி ரூபாய் என்று தொடங்கிய மதிப்பீடு, 9,376 கோடியானது. இந்தத் திட்டத்தில் மானியம் 40 சதவிகிதம்தான். மீதி 60 சதவிகிதம், 10 சதவிகித வட்டிக் கடன். சுக்கா காலத்து 5 சதவிகிதத்தை நினைத்துப் பாருங்கள். வேலை நின்றாலும் கடன் கணக்கு நிற்காது. நாட்டின் வெளிநாட்டுக் கடனில் பெரும்பகுதி நீர்மின் திட்டங்களுக்காக வாங்கியதுதான்.

2020-க்குள் 10,000 மெகாவாட் என்று இரு நாடுகளும் கனவு கண்டன. அந்த வரிசையில் 2020-க்குள் முடிந்தது 720 மெகாவாட் மாங்தெச்சூ ஒன்றுதான். இதே ஆற்றில் கீழே இருக்கும் 1,020 மெகாவாட் புனாட்சாங்சூ-2, பல தாமதங்களைத் தாண்டி 2025 நவம்பரில்தான் மன்னரும் பிரதமர் மோடியும் வந்து தொடங்கிவைக்கும் நிலைக்கு வந்தது. புனாட்சாங்சூ-1 அணை வேலையை மீண்டும் தொடங்கவும் அப்போது ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

சாலையோரக் கடையில் மோமோ சாப்பிட உட்கார்ந்தோம். வேலை மும்முரமாக நடந்த நாட்களில் உட்கார இடம் கிடைக்காதாம். பெரும்பாலும் இந்தியத் தொழிலாளர்கள். அன்றைக்கு எங்களைத் தவிர இரண்டு பேர்தான் இருந்தார்கள். மறுபடி வேலை தொடங்கப்போவது கடைக்கார அக்காவுக்குத் தெரிந்திருந்தது. "வரட்டும், பார்க்கலாம்" என்பதுபோல ஒரு சிரிப்பு மட்டும் சிரித்தார்.

பறவைக்காகப் புதைத்த கம்பி

வாங்டியில் இருந்து மேலே ஏறினால் ஃபோப்ஜிகா பள்ளத்தாக்கு. குளிர்காலத்தில் திபெத்தில் இருந்து கறுப்புக் கழுத்துக் கொக்குகள் இங்கே வருகின்றன. ஊருக்கு மின்சாரம் கொண்டுவரும்போது, பறவைகள் கம்பியில் அடிபடக் கூடாது என்று கேபிளை மண்ணுக்குள் புதைத்திருக்கிறார்கள். விளக்கு எரிகிறது, வானத்தில் ஒரு கம்பிகூட இல்லை.

ஆனால், எல்லாப் பறவைக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. உலகில் 60-க்கும் குறைவாகவே எஞ்சியிருக்கும் வெண்வயிற்று நாரைக்கு புனாட்சாங்சூ ஆறுதான் முக்கியப் புகலிடம். ஆழமில்லாமல் ஓடும் நீரில் நின்று மீன் பிடிக்கும் பறவை அது. ஆற்றைச் சுரங்கத்துக்குள் அனுப்பிவிட்டால் அது எங்கே நிற்கும்?

ஆற்றின் தலைமாட்டில் இன்னொரு கவலை. 1994 அக்டோபரில் லுனானா பகுதியில் லுக்யே என்ற பனிப்பாறை ஏரி உடைந்து, போ சூ வழியாக வெள்ளம் பாய்ந்தது. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புனாக்கா கோட்டையும் சேதமானது. அதன் பக்கத்தில் இருக்கும் தோர்தோர்மி ஏரி உடைந்துவிடாமல் இருக்க, 2008-ல் தொடங்கி சில ஆண்டுகள் நூற்றுக்கணக்கான மக்கள் நடந்தே மலையேறி, மண்வெட்டியும் கடப்பாரையுமாக வாய்க்கால் வெட்டி, நீர்மட்டத்தை 5 மீட்டர் இறக்கினார்கள். இயந்திரம் போக முடியாத உயரம். பூடானுக்கு சோறு போடும் பனி, சூடு கூடக்கூட எமனாகவும் மாறலாம்.

இனி என்ன?

இப்போது இருப்பது சுமார் 3,500 மெகாவாட். 2040-க்குள் 25,000 மெகாவாட் என்பது புதிய இலக்கு. இந்த முறை அரசுகள் மட்டும் அல்ல. 1,125 மெகாவாட் தோர்ஜிலுங் திட்டத்தில் டாடா பவர், 570 மெகாவாட் வாங்சூ திட்டத்தில் அதானி எனத் தனியார் நிறுவனங்களும் பூடான் அரசு நிறுவனத்தோடு கைகோத்திருக்கின்றன.

எனக்கு நம்பிக்கை தந்தது சின்னத் திட்டங்கள்தான். வாங்டி அருகே ருபேசாவில் 2016 முதல் சுற்றும் இரண்டு காற்றாலைகள், செபுவில் வந்திருக்கும் சோலார் நிலையம். அளவில் சிறியவை. ஆனால், பூடானின் குளிர்காலம் மழையில்லாத, வெயில் அடிக்கும் காலம். ஆறு ஒல்லியாகும் அதே மாதங்களில் சூரியன் வேலைக்கு வருகிறது. இன்னும் ஓர் அணை கட்டினால் கோடை மின்சாரம்தான் அதிகம் கூடும். குளிர்காலப் பள்ளத்தை நிரப்ப சோலார் வேண்டும், தண்ணீரைத் தேக்கிவைக்கும் வழி வேண்டும். எத்தனை மெகாவாட் என்பதைவிட எந்த மாதத்து மெகாவாட் என்பதுதான் பூடானின் உண்மையான கேள்வி.

இன்னொரு கேள்வியை தாஜு கேட்டார். அவர் தங்கை ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இருக்கிறார். கூடப் படித்தவர்களில் பலரும் அங்கேதானாம். "அணை கட்டும்போது ஆயிரம் பேர் வேணும். கட்டி முடிச்சா கொஞ்சம் பேர் போதும் லா. மத்தவங்க என்ன பண்றது?" என்றார். மின்சாரம் அரசுக்குப் பணம் தருகிறது. இளைஞர்களுக்கு வேலை தருவதில்லை. விற்கும் மின்சாரத்தை உள்ளூரில் வேலையாக மாற்றும் வழியைக் கண்டுபிடிக்காவிட்டால், ஆற்றோடு சேர்ந்து பிள்ளைகளும் வெளியே போய்க்கொண்டேதான் இருப்பார்கள்.

போகிறவர்களுக்கு...

ரயிலில் ஹாசிமாரா அல்லது விமானத்தில் பாக்டோக்ரா போய், அங்கிருந்து சாலை வழியாக ஃபுன்ஷோலிங் போகலாம். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை போதும். இந்தியர்களுக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் சுற்றுலாக் கட்டணம் உண்டு. பூடானின் நுல்ட்ரமும் நம் ரூபாயும் ஒரே மதிப்பு. கொக்குகளைப் பார்க்க வேண்டுமென்றால் குளிர்காலத்தில் போங்கள், கம்பளி உடை கட்டாயம். ஆறு பொங்குவதைப் பார்க்க வேண்டுமென்றால் ஜூலை, ஆகஸ்ட்டில் போங்கள். மண்சரிவில் சாலை அடைபடலாம் என்பதால், கையில் இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.