அளவுகோலை அளப்பவர்கள்

அடி அண்ணாமலையில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி துகள் இயற்பியலில் ஆராய்ச்சி செய்கிறாள். விடுமுறைக்கு வந்திருந்தபோது ஒரு மிட்டாய்த் தகர டப்பாவோடு எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். டப்பாவுக்குள் நான்கு சிலிக்கான் போட்டோடயோடுகள், ஒன்பது வோல்ட் பேட்டரி, சின்னதாக ஒரு பெருக்கிச் சுற்று. பள்ளிப் பிள்ளைகளே செய்து பார்க்கட்டும் என்று செர்ன் ஆய்வகத்தில் வடிவமைத்து, எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்த சுற்று அது.

"வீட்ல பொட்டாஷ் இருக்கா மாமா?"

பயிருக்குப் போட்டது போக மூட்டையில் மிச்சம் இருந்தது. ஒரு கை அள்ளி, டப்பாவில் அலுமினியத் தாள் ஒட்டியிருந்த சன்னலுக்கு நேராக வைத்தாள். செல்போன் திரையில் நெளிந்துகொண்டிருந்த கோட்டில் அவ்வப்போது ஒரு குத்து எழுந்தது. பொட்டாசியத்தில் 0.0117 விழுக்காடு பொட்டாசியம்-40. அது சிதையும்போது பெரும்பாலும் ஓர் எலக்ட்ரானை வெளியே தள்ளும். ஒவ்வொரு குத்தும் அப்படி வெளியேறி சிலிக்கானுக்குள் புகுந்த ஓர் எலக்ட்ரான். வெளிச்சம் புகுந்தாலும் டயோடு கத்தும் என்பதால்தான் அலுமினியத் தாள்.

"கல்தச்சரைப் பத்தி எழுதுறீங்க, செக்காட்டுறவங்களைப் பத்தி எழுதுறீங்க. எங்க வேலையையும் ஒரு தடவை வந்து பாருங்களேன்" என்றாள். அப்படித்தான் நான் ஹாம்பர்க் போனேன்.

டெசி ஆய்வகத்தில் டெசி II என்ற முடுக்கி வளையம் இருக்கிறது. சுற்றளவு ஏறத்தாழ 293 மீட்டர். பெட்ரா III என்ற பெரிய வளையத்துக்கு எலக்ட்ரான் ஊட்டுவது அதன் முதல் வேலை. அந்த ஓட்டத்தின் குறுக்கே மெல்லிய கார்பன் இழை ஒன்றை நுழைக்கிறார்கள். இழையில் பட்ட எலக்ட்ரான்கள் ஃபோட்டான்களை உமிழ்கின்றன. அந்த ஃபோட்டான்கள் ஓர் உலோகத் தகட்டில் மோதி எலக்ட்ரான், பாசிட்ரான் இணைகளாகின்றன. வேண்டிய ஆற்றல் உள்ளதை மட்டும் ஒரு காந்தம் வளைத்து அனுப்புகிறது. 1 முதல் 6 ஜிஇவி (துகள் ஆற்றலின் அலகு) வரை வாங்கிக்கொள்ளலாம். பல நாட்டுக் குழுக்கள் முறைவைத்து வந்து தாங்கள் செய்த சென்சாரை இந்தக் கற்றைக்கு முன்னால் நிறுத்திச் சோதிக்கின்றன.

சென்சார் என்பது சிலிக்கான் தகடு. சுமார் 300 மைக்ரோமீட்டர் தடிமன். அதில் நெருக்கமாக இணைகோடுகளாக மின்வாய்ப் பட்டைகள். மின்னூட்டமுள்ள துகள் ஒன்று ஊடுருவிப் போனால் சுமார் இருபத்திரண்டாயிரம் எலக்ட்ரான்கள் கட்டவிழும். எந்தப் பட்டையில் அவை வந்து சேர்ந்தன என்று பார்த்தால் துகள் போன இடம் தெரியும். 1980இல் ஜெர்மானியர் யோசஃப் கெம்மர், கம்ப்யூட்டர் சிப் செய்யும் முறையிலேயே இப்படிப்பட்ட சென்சாரையும் செய்யலாம் என்று காட்டிய பிறகு இந்தத் தொழில் வேர்பிடித்தது. இன்று செர்னில் சிஎம்எஸ் சோதனையின் நடுவே 200 சதுர மீட்டர் அளவுக்கு சிலிக்கான் விரிந்திருக்கிறது.

சென்சார் ஒரு பட்டை எண்ணைச் சொல்கிறது. சொன்னது சரியா? அதைவிட நுணுக்கமான வேறொன்றை வைத்துத்தான் சரிபார்க்க முடியும். அதற்குப் பெயர் டெலஸ்கோப். வானத்தைப் பார்ப்பது அல்ல. ஆறு மெல்லிய சிலிக்கான் தகடுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் 50 மைக்ரோமீட்டர் தடிமன், 18.4 மைக்ரோமீட்டர் சதுரக் கட்டங்கள். நம் சென்சார் நடுவில், முன்னால் மூன்று, பின்னால் மூன்று. அடுக்கிய வெற்றிலைகளை ஊசியால் குத்திவிட்டு நடு இலையை உருவி ஒளித்துவைத்தாலும், மற்ற இலைகளின் ஓட்டையை வைத்து அதில் எங்கே ஓட்டை விழுந்திருக்கும் என்று சொல்லலாம் அல்லவா, அதுதான் கணக்கு. சில மைக்ரோமீட்டர் துல்லியத்தில் சொல்லிவிடுகிறார்கள். எலக்ட்ரான் எடை குறைந்தது, தடித்த பொருளில் பட்டால் திசை சிதறும். தகடுகள் அத்தனை மெல்லிசாக இருப்பது அதனால்தான்.

அந்தப் பெண்ணின் குழுவில் மதுரைப் பக்கத்திலிருந்து வந்த மூத்த தொழில்நுட்பர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் அண்ணன். சென்சாரின் ஒவ்வொரு பட்டையையும் சிப்போடு இணைக்கும் அலுமினியக் கம்பியைப் போட்டவர் அவர். கம்பியின் விட்டம் 25 மைக்ரோமீட்டர், தலைமுடியில் பாதிகூட இல்லை. ஈயப்பற்று கிடையாது, சூடு கிடையாது. அழுத்திப் பிடித்து மீயொலியால் அதிரவைத்தால் அலுமினியத்தோடு அலுமினியம் ஒட்டிக்கொள்ளும். சென்சாரும் சிப்பும் சேர்ந்த ஒரு மாட்யூலுக்கு ஆயிரக்கணக்கில் போடவேண்டும். சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க, மாதிரிக் கம்பிகளைக் கொக்கியால் மேலே இழுத்து எத்தனை கிராமில் விடுகிறது என்று குறித்துக்கொள்வார்கள்.

"கம்பி அறுந்தா பரவாயில்லைங்க. கால் பெயர்ந்து வந்துச்சுன்னா ஒட்டு சரியில்லைன்னு அர்த்தம். அன்னிக்கு அந்த மெஷின்ல வேலையை நிறுத்திரணும்" என்றார். எத்தனை கிராம் என்ற எண்ணைவிட, விட்ட இடம் எப்படி இருக்கிறது என்பதையே முதலில் பார்ப்பாராம்.

இப்படிப்பட்டவர்களின் பெயர் கட்டுரைகளின் ஆசிரியர் பட்டியலில் பெரும்பாலும் வருவதில்லை. கடைசியில் நன்றி என்ற ஒரு வரியில், அதுவும் பொதுவாக, முடிந்துவிடும். இது நியாயமில்லை.

சோதிக்க வந்தது சிஎம்எஸ் மேம்பாட்டுக்கான மாட்யூல் வகை. 1.8 மில்லிமீட்டர் இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சென்சார்கள். பட்டைகளுக்கு நடுவே 90 மைக்ரோமீட்டர். சிஎம்எஸ் காந்தப்புலம் 3.8 டெஸ்லா, உந்தம் குறைந்த துகள் அதில் அதிகம் வளையும். மேல் சென்சாரில் பட்ட இடத்துக்கும் கீழே பட்ட இடத்துக்கும் உள்ள விலகலைப் பார்த்து, 2 ஜிஇவிக்குக் கீழானதைச் சிப்பே அந்த நொடியில் தள்ளிவிடும். 25 நானோ நொடிக்கு ஒருமுறை இந்தத் தீர்ப்பு. காந்தம் இல்லாமல் இதைச் சோதிக்க எளிய வழி, மாட்யூலையே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவது. சாய்ந்து நுழையும் நேர்ப்பாதை சிப்புக்கு வளைந்த பாதைபோலவே தெரியும். 2013 கடைசியில் இதன் முன்மாதிரிகளையும் டெசி கற்றையில் இப்படித்தான் திருப்பிப் பார்த்தார்கள்.

கான்கிரீட் கட்டைகளால் சூழப்பட்ட அறையிலிருந்து எல்லோரும் வெளியேறி, கடைசி ஆள் மூலைமுடுக்கெல்லாம் பார்த்து, கதவைப் பூட்டிய பிறகுதான் கற்றை. அப்புறம் ஷிஃப்டில் உள்ளவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "கோரிலேஷன் வந்துடுச்சா?" டெலஸ்கோப் சொல்லும் இடத்தைக் கிடைவாக்கிலும் நம் சென்சார் சொல்வதை நெடுக்கிலும் வைத்துப் புள்ளியிட்டால் மூலைவிட்டமாக ஒரு கோடு எழவேண்டும். நள்ளிரவு தாண்டி அந்தக் கோடு எழுந்தது. கொஞ்ச நேரத்தில் கலைந்து வெறும் புள்ளிமழையானது. இரண்டு கருவிகளும் தனித்தனியே நன்றாகத்தான் ஓடின. துகள் வந்ததும் இரண்டுக்கும் போகும் தூண்டல் குறிப்பு ஒன்றை ஒரு கருவி எண்ண, மற்றது தவறவிட்டிருந்தது. அதிலிருந்து ஒன்று சொல்லும் துகள் வேறு, மற்றது சொல்லும் துகள் வேறு. அந்தப் பெண் நிகழ்வு எண்ணை ஒன்று தள்ளி வைத்துப் பார்த்தாள், கோடு திரும்பிவிட்டது. பிழை கணக்கில் இல்லை, கேபிளில் என்று அப்போது தெரிந்தது. அண்ணன் உள்ளே போய் இணைப்பியை மாற்றிவிட்டு வந்தார்.

இந்தக் கைவேலை நமக்குப் புதிதல்ல. சிஎம்எஸ்ஸின் ப்ரீஷவர் கருவிக்கு சுமார் ஆயிரம் சிலிக்கான் சென்சார்கள் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் தயாராயின. ஜப்பானில் பெல் II சோதனையின் சிலிக்கான் அடுக்குகளில் நான்காவதை மும்பை டாட்டா ஆராய்ச்சி நிலையத்தார் டோக்கியோவுக்கு அருகே காஷிவாவில் இருந்து கோத்துக்கொடுத்தார்கள். 2018 நவம்பரில் அது கருவிக்குள் ஏறியது. ஆனாலும் இங்கே செய்த சென்சாரை ஜிஇவி கற்றையில் நிறுத்திப் பார்க்க இன்னும் ஹாம்பர்க்குக்கோ ஜெனீவாவுக்கோ விசா எடுக்கவேண்டியிருக்கிறது. சிப் தொழிற்சாலைகளைப் பற்றி நாடே பேசும் இந்த நேரத்தில், சோதனைக் கற்றை ஒன்றைப் பற்றியும் யாராவது பேசவேண்டும். கற்றை பக்கத்தில் இருந்தால் பி.எஸ்ஸி. படிக்கும் பிள்ளைகூட ராத்திரி ஷிஃப்டில் உட்காரலாம்.

ஹாம்பர்க் சோதனையில் புதுச் சென்சார் நன்றாகவே தேறியது. அந்தப் பெண்ணுக்கு அதில் பெரிய மகிழ்ச்சி இல்லை. "புதுசுல எல்லாமே வேலை செய்யும் மாமா. பத்து வருஷம் அடிவாங்கினப்புறம் செய்யுதான்னு பார்க்கணும்." பத்து வருட அடியைக் கொஞ்ச நேரத்திலேயே கொடுக்க ஸ்லோவேனியாவில் லுப்லியானா நகர அணு உலை இருக்கிறது. நியூட்ரான் பட்ட சிலிக்கானில் கசிவு மின்னோட்டம் ஏறும், சேரும் எலக்ட்ரான் குறையும், நூற்றுக்கணக்கான வோல்ட் கொடுத்து மைனஸ் 20 டிகிரியில் ஓட்டவேண்டும். அங்கே அனுப்பிய மாதிரிகள் திரும்பி வரவிருந்தன. வெளியே வைத்தால் அறை வெப்பத்திலேயே சேதத்தின் தன்மை மாறி, அளவு கெட்டுவிடும். அவற்றுக்கு ஃப்ரீசரில் இடம் இருக்கிறதா என்று பார்க்க அவளும் அண்ணனும் கிளம்பினார்கள்.