ஜெயிக்கச் சொல்லிக் கொடுத்தேன், நிறுத்தச் சொல்லிக் கொடுக்கவில்லை



ஒரு தப்பை ஒத்துக்கொள்ளத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். வீட்டில் ரிமோட் கார் ஓட்டும் பிள்ளைகள் இருந்தால் கடைசிவரை வாசியுங்கள்.

ஏப்ரல் வந்தால் எங்கள் பக்கத்துப் பையன்களுக்குக் கார்ப் பைத்தியம் பிடித்துவிடும். நுவரெலியா வசந்த காலத்தில் மகஸ்தோட்டையிலும் ரதல்லையிலும் மலையேற்றப் பந்தயம் நடக்கும். ரதல்ல லிந்துலையில் இருந்து பெரிய தூரமில்லை. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் விஞ்ஞான மன்றத்தில் வந்து, "சேர், நாங்களும் ஒரு ரேஸ் வைப்பமா?" என்றார்கள்.

கட்டாரில் இருந்து வந்த மச்சான் கொண்டுவந்து தந்த இரண்டு பழைய ரிமோட் கார்கள் என்னிடம் இருந்தன. சில்லறைக் கடை விளையாட்டுச் சாமான் இல்லை. நிஜக் காரின் பத்தில் ஒரு பங்கு அளவு, இரண்டு செல் லிபோ பெட்டரி, 7.4 வோல்ட். ஐந்து நிமிடத்தில் யார் அதிக சுற்று ஓடுவது என்பதுதான் போட்டி.

ஜனவரி மாதக் காலை. மைதானத்தில் பனி கலையவில்லை. ஒரு கார் இரண்டு சுற்றிலேயே சோர்ந்துவிட்டது. மற்றது பறந்தது. அதே மோட்டார், அதே பெட்டரி, இரண்டும் ஃபுல் சார்ஜ். ஜெயித்தவன் தரம் பத்துப் பையன், தோட்டத்துப் பிள்ளை. என்னடா செய்தாய் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல சேர், குளிருதேன்னு பெட்டரிய சுவெட்டருக்குள்ள வச்சுக்கிட்டு வந்தேன்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அங்கேயே பாடம் எடுத்தேன். குளிரில் பெட்டரிக்குள் அயன்கள் மெதுவாக நகரும், அகத்தடை கூடும். அகத்தடை 10 மில்லி ஓம் என்றால், கார் 40 அம்பியர் இழுக்கும்போது 0.4 வோல்ட் உள்ளேயே வீணாகும். அது 20 மில்லி ஓம் ஆனால் 0.8 வோல்ட் போய்விடும். 7.4 வோல்ட்டில் அது பெரிய நட்டம். வெளிநாட்டுப் பந்தயக்காரர்கள் ஓட்டத்துக்கு முன் பெட்டரியை இளஞ்சூடாக்குவதும் இதற்காகத்தான்.

அடுத்த சனிக்கிழமை பயிற்சி முடிந்ததும் அவனிடமே பெட்டரியையும், பெட்டியோடு வந்த சின்ன சார்ஜரையும் கொடுத்து அனுப்பினேன். "ஃபுல்லா ஏத்திக் கொண்டு வா." அவ்வளவுதான் சொன்னேன்.

திங்கட்கிழமை அவனுடைய அம்மா பாடசாலைக்கு வந்தார். கொழுந்து பறிக்கும் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். பெட்டரி இரவில் பூரி மாதிரி உப்பியிருக்கிறது. பையன் பார்த்து, வயரைக் கழற்றி, வெளியே மரக்கறிப் பாத்தியில் வீசியிருக்கிறான். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "சேர், அது சார்ஜ் போட்ட எடத்துக்குப் பக்கத்துலதான் சின்னவ படுத்திருந்தா" என்று மட்டும் சொன்னார்.

லயத்து வீடுகள் உங்களுக்குத் தெரியும். ஒரே கூரை, ஒட்டிய சுவர். ஒரு வீட்டில் தீ பிடித்தால் வரிசையே போய்விடும். லிபோ பெட்டரி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றி லேசில் அணைக்கவும் முடியாது.

காரைத் திறந்து பார்த்தேன். தப்பு என்னுடையது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்கிட்டில் பெட்டரி வகையைத் தெரிவு செய்யும் ஒரு சின்ன இணைப்பு இருக்கும். அது பழைய நிக்கல் பெட்டரி வகையில் கிடந்தது. லிபோ வகையில் இருந்தால் சார்ஜ் குறைந்ததும் மோட்டாரை அதுவே நிறுத்தும். இல்லாததால் கார் தானாக நிற்கும்வரை பையன் ஓட்டியிருக்கிறான். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய செல் உள்ளே கெட்டுவிடும். அதைத் திரும்பச் சார்ஜ் ஏற்றினால் வாயு உண்டாகி உறை உப்பும்.

எங்கள் குளிருக்கு இன்னொரு விஷயமும் உண்டு. இந்தப் பெட்டரியின் மறை முனையில் இருப்பது காரீயம். நம் போகலையில் தோண்டி எடுக்கும் அதே காரீயம். அதன் அடுக்குகளுக்குள் லித்தியம் போய் வர முடியும் என்று 1980களின் தொடக்கத்தில் காட்டியவர்களில் முக்கியமானவர் மொரோக்கோவில் பிறந்த ரஷீத் யஸாமி. குளிர்ந்த பெட்டரிக்கு அவசரமாகச் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் அடுக்குக்குள் போகாமல் வெளியே உலோகமாகப் படியும். பிறகு அது உள்ளேயே ஷோர்ட் ஆகலாம்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். ஜெயிக்கத் தேவையானதை மட்டும் சொல்லிக் கொடுத்தேன். பிள்ளைகள் நம் கையில் அமானிதம். அவர்கள் வீட்டில் தூங்கும் தங்கச்சியும் அதில் சேர்த்திதான்.

இப்போது எங்கள் மன்றத்தில் இவைதான் சட்டம்:

• பெட்டரி யார் வீட்டுக்கும் போகாது. சார்ஜ் ஏற்றுவது பாடசாலையில், என் முன்னால், சீமெந்துத் தரையில், மண் போட்ட சட்டிக்குள். மூடி போடுவதில்லை.

• 3000 மில்லிஅம்பியர் மணி பெட்டரிக்கு 3 அம்பியருக்கு மேல் கொடுப்பதில்லை. ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட், அதற்குமேல் இல்லை. இரண்டு செல்லும் சமமாக ஏற வேண்டும்.

• ஒரு செல் 3.4 வோல்ட்டுக்கு வந்தால் அலாரம் அடிக்கும். அடித்தால் காரை எடுக்க வேண்டும், முதலாவதாக ஓடிக்கொண்டிருந்தாலும்.

• ஓடி முடிந்த சூட்டோடு சார்ஜ் இல்லை. குளிரில் விறைத்திருந்தாலும் இல்லை.

• ஒரு வாரம் ஓட்டாவிட்டால் ஃபுல்லாகவும் வைப்பதில்லை, காலியாகவும் வைப்பதில்லை. செல்லுக்கு 3.8 வோல்ட். பெட்டரி நீண்ட நாள் உழைக்க இதுதான் வழி.

• உப்பியது குப்பைக்கும் போகாது, திரும்பச் சார்ஜுக்கும் போகாது. குத்திப் பார்க்கவே கூடாது.

அந்தப் பையன் இப்போதும் ஓட்டுகிறான். போன கிழமை கடைசி நிமிடத்தில் அலாரம் அடித்தது. முன்னால் இருந்தவன் காரைக் கையில் எடுத்துவிட்டான். தோற்றுப்போனான். முகம் வாடித்தான் இருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் தோளில் தட்டினேன்.

அவனுடைய அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உங்கள் வீட்டிலும் இன்றிரவு ஏதாவது பெட்டரி சார்ஜில் இருக்கும். தூங்கும் முன் ஒரு தடவை எழும்பிப் போய்ப் பாருங்கள்.

வஸ்ஸலாம்.