திரும்பி வந்த மணியார்டர்

வாடகையை உயர்த்தி நோட்டீஸ் வந்ததும் குடியிருப்பவர்கள் பலர் செய்கிற முதல் காரியம், பழைய வாடகையையும் கொடுக்காமல் நிறுத்திவைப்பது. திருவல்லிக்கேணியில் தையல் கடை வைத்திருந்த பாயும் வாடகை நின்றுபோன பிறகுதான் என்னிடம் வந்தார். 1997ஆம் ஆண்டு.

மாத வாடகை 600 ரூபாய். கட்டட உரிமையாளர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை, மாடியிலேயே குடியிருந்தார். அடுத்த மாதம் முதல் 2,500 ரூபாய் தர வேண்டும், இல்லையென்றால் கடையைக் காலி செய்ய வேண்டும் என்று அவர் தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ். “600 ரூபாயோட மாடிக்குப் போனேன் சார், டீச்சரம்மா வாங்கல” என்றார் பாய். மூன்று மாத வாடகை அவர் கையிலேயே நின்றுவிட்டது. போய் வந்ததற்குச் சாட்சி இல்லை. ரசீது வாங்கும் பழக்கமோ பல வருடமாகவே இல்லை.

அப்போது நடைமுறையில் இருந்தது 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதன்படி வெறும் நோட்டீஸால் வாடகை உயராது. இரு தரப்பும் ஒத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நியாய வாடகை நிர்ணயிக்கச் சொல்லி மனுப் போட வேண்டும். ஆகவே அந்த 2,500 ரூபாயைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அந்த மூன்று மாதம்தான் உறுத்தியது. பாக்கியைக் கேட்டு உரிமையாளர் நோட்டீஸ் கொடுத்து, இரண்டு மாதம் கழிந்தும் கட்டாவிட்டால், வேண்டுமென்றே வைத்த பாக்கி என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும். கடை போய்விடும்.

வாடகையை வாங்க மறுத்தால் என்ன செய்வது என்று சட்டத்தின் எட்டாம் பிரிவு வரிசையாகச் சொல்லியிருந்தது. முதலில் எந்த வங்கியில் கட்டுவது என்று கேட்டுக் கடிதம். பத்து நாளில் பதில் இல்லையென்றால் கமிஷனைக் கழித்துக்கொண்டு மணியார்டர். அதுவும் திரும்பினால் நீதிமன்றத்தில் கட்ட அனுமதி கேட்டு மனு. ஒன்றையும் விடவில்லை. மணியார்டர் பாரம் திரும்பி வந்தபோது அதன் மேல் சாய்வான கையெழுத்தில் ‘பெற மறுத்தார்’ என்று தபால்காரர் எழுதி, தேதியும் போட்டிருந்தார். அதுதான் எங்கள் முக்கியமான ஆவணம். இந்த வரிசையைத் தாண்டக் கூடாது என்று பின்னர் 2002இல் பழனிசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது. எனக்குத் தெரிந்து, நேரே நீதிமன்றத்தில் பணத்தைக் கட்டிவிட்டு, வழியைத் தவறவிட்டதால் தோற்றவர்கள் உண்டு.

எதிர்பார்த்தபடியே பாக்கியைக் காரணம் காட்டி வெளியேற்ற மனு வந்தது. ஸ்மால் காஸ் கோர்ட்டில் டீச்சரம்மாவைக் குறுக்கு விசாரணை செய்தேன். கணக்கு நோட்டு வைத்திருக்கிறீர்களா என்றதும் பெருமையாகவே எடுத்துக் கொடுத்தார். முதல் பக்கத்தில் பாய் கொடுத்த முன்பணம் 6,000 ரூபாய், தேதியோடு. அந்தச் சட்டப்படி ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. கூடுதலாக நின்ற 5,400 ரூபாய் ஒன்பது மாத வாடகை. உரிமையாளர் கையில் அப்படிப் பணம் இருக்கும்போது பாக்கி என்று சொல்ல முடியாது என்று 1996இல் நரசிம்ம ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. தமிழ்நாட்டு வழக்குதான் அதுவும்.

“அவர் வாடகை கொண்டுவந்தாரா?” என்று கேட்டேன்.

“வந்தார். 600 ரூபாயை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? புது வாடகை கொடுங்க பாய், வாங்கிக்கிறேன்னு சொன்னேன்.”

அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. பொய் சொல்லத் தெரியாத சாட்சி. மனு தள்ளுபடியானது.

ஆனால் அந்த அம்மாவின் ஆதங்கம் நியாயமானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அந்தத் தெருவில் 600 ரூபாய் அப்போதே அநியாயக் குறைவு. அவருக்குக் குறுக்கு வழியைக் காட்டியவர்கள் நேர் வழியைக் காட்டவில்லை. பிறகுதான் நியாய வாடகை மனுப் போட்டார். கடை என்பதால், மனையின் சந்தை மதிப்பும் தேய்மானம் போகக் கட்டட மதிப்பும் சேர்ந்த தொகையில் ஆண்டுக்கு 12 சதவீதம் என்பது அன்றைய கணக்கு. இரு தரப்பு இன்ஜினியர்களும் கொடுத்த அறிக்கைகளைப் பார்த்தால் இருவரும் வேறு வேறு தெருவுக்குப் போய் வந்தார்களோ என்று தோன்றும். கடைசியில் 1,850 ரூபாய் நிர்ணயமானது. மனுப் போட்ட தேதியிலிருந்து வித்தியாசத் தொகையைப் பாய் தவணையில் கட்டித் தீர்த்தார்.

2019 பிப்ரவரி 22 முதல் அந்தப் பழைய சட்டம் இல்லை. 2017ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கேட்கிறது; வாடகை உயர்வும் ஒப்பந்தத்தில் எழுதியபடிதான். உங்களுக்கு நோட்டீஸ் வந்திருந்தால் வக்கீலைத் தேடிக் கிளம்புவதற்கு முன், இந்த மாதப் பழைய வாடகையை உரிமையாளரின் வங்கிக் கணக்கில் போட்டு, அதற்கான சான்றைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.