சிரித்த முகமும் சாட்சியாகும்போது

கொங்கு நாட்டில் நலம் விசாரிப்பவருக்கு "நல்லாயிருக்கேனுங்க" என்பதைத் தவிர வேறு விடை கூறி நமக்குப் பழக்கமில்லை. காய்ச்சலில் படுத்திருப்பவரும் அவ்வாறே சொல்வார். அந்த நாகரிகமே ஒருவருடைய வழக்கிற்கு எதிராகத் திரும்பியதை அண்மையில் கண்டோம்.

நமக்கு அறிமுகமான பவர் டேபிள் தையற்காரர் ஒருவர், பனியன் கம்பெனிக்குச் செல்லும் வழியில் வேன் மோதி வலது முழங்கால் நொறுங்கப்பெற்றார். ஓவர்லாக் இயந்திரத்தின் பெடலை மிதித்தே பிழைத்த கால் அது. பீஸ் ரேட்டுக்கு உழைப்பவருக்குக் கால் முடங்கினால் சனிக்கிழமைச் சம்பளமும் முடங்கிவிடும். இழப்பீடு கோரி மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்தார். இதற்கிடையில் மகளின் புதுநன்மை விழா வந்தது. பிள்ளையின் தோளில் கை வைத்துச் சிரித்து நின்றவரைப் படமெடுத்த மைத்துனர், "மச்சானுக்குப் பூரண சுகம்" என்று முகநூலில் எழுதிவிட்டார். அன்பால் எழுதியதுதான். குறுக்கு விசாரணையில் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் அதே படத்தைக் காட்டி, "ஊன்றுகோல் எங்கே?" என்று கேட்டார். "செவுத்துல சாச்சு வெச்சிருந்தேனுங்க" என்றார் இவர். படத்தில் சுவர் இல்லை.

உடலூனத்தின் விழுக்காடு வேறு, அதனால் வருமானம் ஈட்டும் ஆற்றலில் நேரும் இழப்பு வேறு என்று உச்சநீதிமன்றம் 2010 அக்டோபரில் ஒரு தீர்ப்பில் தெளிவாக்கியது. இடக்கையை இழந்த ஓட்டுநரோ தச்சரோ தம் தொழிலையே இழக்கலாம். எழுத்தர் ஒருவர் அதே ஊனத்தோடு தம் பணியைத் தொடரலாம். அப்படியாயின், நாள் முழுதும் பெடலை மிதிக்க இயலுமா என்பதன்றோ இங்குக் கேள்வி? ஒரு நொடிச் சிரிப்பு அதற்கு எவ்வாறு விடையாகும்? ஆயினும் மனுதாரரின் சொல்லில் ஐயத்தை விதைக்க அந்த நொடி போதும்.

கடல் கடந்தும் இதே கதைதான். நாற்காலியிலிருந்து விழுந்து காயமுற்றதாக ஸ்டீல்கேஸ் நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்த பெண்மணி ஒருவர், தாம் பெரும்பாலும் வீட்டிலும் படுக்கையிலுமே முடங்கியிருப்பதாகக் கூறினார். வீட்டுக்கு வெளியே அவர் சிரித்து நிற்கும் படம் முகநூலில் இருந்தது. மறைத்து வைத்த பக்கங்களையும், நீக்கிய பக்கங்களையுங்கூட எதிர்த்தரப்புக்குத் திறந்துகாட்ட வேண்டுமென நியூயார்க் மாநில நீதிமன்றம் 2010 செப்டம்பரில் ஆணையிட்டது. 'நண்பர்கள் மட்டும்' என்னும் பூட்டு அங்கே உதவவில்லை.

ஆகவே, வழக்கு முடியும்வரை விபத்தையோ உடல்நிலையையோ பயணத்தையோ பற்றி எதுவும் பதியாதிருப்பது நன்று. வாட்ஸப் ஸ்டேட்டஸும் இதில் அடங்கும். உறவினரிடமும் முன்னதாகவே சொல்லிவைக்க வேண்டும். பெரும்பாலும் வினை அங்கிருந்தே வருகிறது! முன்பின் அறியாதவரின் நட்பு அழைப்பை ஏற்பதும் வேண்டாம். ஏற்கெனவே பதிந்தவற்றைப் பதறி அழிப்பதோ இன்னும் கேடு. மறைத்தார் என்ற பழி அதனால் எளிதில் வந்து சேரும். முதலில் நம் வழக்கறிஞரிடம் காட்டிவிட வேண்டும்.

எச்சரிக்கை என்ற பெயரில் பொய்ச்சான்றுக்கு நாம் இடம் தேடவில்லை. உண்மையிலேயே கால் தேறி ஒருவர் இயந்திரத்தில் மீண்டும் அமர்ந்துவிட்டால், அந்த நாளையும் வாங்கும் கூலியையும் வழக்கறிஞரிடம் தாமே சொல்லி, கோரும் தொகையைத் திருத்தச் செய்வதே முறை.