வளவு திரும்பியவருக்கு ஒரு போத்தல்

"நல்ல ஸ்கொட்ச் வேண்டும், விலை கையைக் கடிக்கக்கூடாது" என்றார் காங்கேசன்துறை நண்பர். 1990இல் இடம்பெயர்ந்தவர், இராணுவம் விடுவித்த வளவில் கிணறு மட்டுமே மிச்சம். பழைய அயலவரில் எஞ்சிய எட்டுப்பேரை அழைத்திருக்கிறார்.

பெட்டியின் பகட்டை விடுங்கள், லேபிளைப் படியுங்கள் என்றேன். ஸ்கொட்ச் என்றாலே ஸ்கொட்லாந்தில், ஓக் பீப்பாயில், குறைந்தது 3 ஆண்டுகள் முதிர்ந்திருக்கவேண்டும். மதுசாரம் 40 வீதத்துக்குக் குறையக்கூடாது. 12 என்றிருந்தால் அது கலவையில் ஆக இளையதன் வயது. போத்தலுக்குள் வயது ஏறாது. ஆகவே, அலுமாரியில் இருபது வருடம் கிடந்ததென்று எவராவது கூடுதல் விலை சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

எட்டுப்பேருக்குச் சிங்கிள் மோல்ட் வீண்செலவு. கலவை விஸ்கியான டீச்சர்ஸ் தாராளமாகப் போதும். அதில் மெல்லிய புகைமணம் உண்டு. சோடாவைவிடத் தண்ணீரே அதற்குப் பொருந்தும்.