வான்கோழிக்கு எந்த ஒயின்? அக்கா கேட்ட கேள்வி!

நியூஜெர்சியில் அக்கா வீட்டில் இந்த வருடம் தேங்க்ஸ்கிவிங் விருந்து. நவம்பரின் நான்காவது வியாழக்கிழமை, அங்கே ஊரே வான்கோழி சமைக்கும். அத்தானின் ஆபீஸ் நண்பர்கள் குடும்பத்தோடு வருகிறார்கள். "என்ன ஒயின் வாங்கறதுன்னு படிச்சுச் சொல்லுடி. நீதான் எல்லாத்தையும் பத்தி எழுதறியே" என்று வாட்ஸ்அப்பில் கேட்டாள் அக்கா.

எங்கள் வீட்டில் இது சாதாரணக் கேள்வி இல்லை. அப்பாவைக் குடிக்குப் பறிகொடுத்தவர்கள் நாங்கள். அம்மா இப்போது அக்காவோடுதான் இருக்கிறார்.

இருந்தாலும் படித்தேன். சிக்கலே வான்கோழியில்தான். நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவு. ஓவனில் கொஞ்சம் கூடுதலாக வெந்தாலே சக்கையாகிவிடும். கெபர்னே சாவிஞ்ஞான் மாதிரி துவர்ப்பு தூக்கலான சிவப்பு ஒயினைக் கூட வைத்தால், வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்தது போல வாய் இன்னும் உலர்ந்துபோகும். அதனால்தான் துவர்ப்பு குறைந்த, லேசான புளிப்புள்ள பீனோ ன்வாரைப் பலரும் சொல்கிறார்கள். பிரான்ஸின் பூஜொலேவும் அதே ரகம்தான். அந்த வருட அறுவடையில் செய்த புது பூஜொலே, நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை விற்பனைக்கு வரும். விருந்துக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு!

ஆனால், அக்கா செய்வது அமெரிக்க வான்கோழி இல்லையே. தோலுக்கடியில் இஞ்சி, பூண்டு, மிளகாய்த்தூள் எல்லாம் அரைத்துத் தடவுவாள். ஆல்கஹால் அதிகமுள்ள ஒயின் காரத்தை இன்னும் ஏற்றிவிடும். அதற்கு லேசாக இனிக்கும் ரீஸ்லிங் வெள்ளை ஒயின்தான் என் தேர்வு. ஆல்கஹாலும் குறைவு. பக்கத்தில் வைக்கும் கிரான்பெர்ரி சாஸின் இனிப்பு, புளிப்புக்கும் ஒத்துப்போகும். குளிரவைத்துப் பரிமாற வேண்டும்.

"எல்லாம் சரி, அம்மாகிட்ட யாரு சொல்றது?" என்றாள் அக்கா. நான்தான் பேசினேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "வர்றவங்களுக்குக் கொடுக்கட்டும். மிச்சமிருந்தா அன்னிக்கு ராத்திரியே சிங்க்குல கொட்டிடணும். பாட்டில் வீட்டுல தங்கக் கூடாது" என்றார். யோசித்துப் பார்த்தால், அப்பா காலத்தில் அவர் போட முடியாமல் போன நிபந்தனை அது.

குடிப்பவர்கள் ஐந்து பேர். 750 மில்லி பாட்டிலில் ஐந்து கிளாஸ் வரும். இரண்டு பாட்டில் போதும். அம்மாவுக்கும் குழந்தைகளுக்கும் ஆல்கஹால் இல்லாத ஸ்பார்க்ளிங் ஆப்பிள் சைடர். அது பார்க்க ஷாம்பெயின் பாட்டில் மாதிரியே இருக்கும் என்பதால், திறப்பதற்கு முன் லேபிளை அம்மாவுக்குப் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.