ஊட்டி சாலை திறக்கும் வரை

பெங்களூரிலிருந்து வந்த ரயில் மைசூரு நிலையத்தில் நின்றபோது மணி பத்தரை தாண்டிவிட்டது. முதுகில் ஒரு பை, கையில் தண்ணீர் பாட்டில். கூட யாரும் இல்லை. நான் போக வேண்டியது ஊட்டிக்கு. இன்னும் சுமார் 125 கிலோமீட்டர் இருக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் போக முடியாது. பந்திப்பூர் காட்டுக்குள் போகும் இரண்டு நெடுஞ்சாலைகளையும், அதாவது வயநாட்டுச் சாலையையும் கூடலூர் சாலையையும், 2009 முதல் இரவு ஒன்பது மணிக்கு மூடிக் காலை ஆறு மணிக்குத்தான் திறக்கிறார்கள். இருட்டில் வண்டி மோதி விலங்குகள் சாவதைத் தடுக்க வந்த ஏற்பாடு அது. ஆம்புலன்ஸுக்கும் அனுமதி உள்ள ஒரு சில பஸ்களுக்கும் மட்டும் வழி விடுவார்கள். அதனால் பத்து மணிக்கு மேல் மைசூரு வந்து இறங்குகிற நீலகிரிப் பயணிகள் பலருக்கு அன்றைய இரவு மைசூரில்தான். இந்த நேரத்தில் இங்கே யார் விழித்திருக்கிறார்கள், தனியாக வந்த ஒரு பெண்ணிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்த்துவிடலாம் என நடக்க ஆரம்பித்தேன்.

நிலைய வாசலில் ஐந்தாறு ஆட்டோக்கள். "எல்லி மேடம்?" என்று கேட்டவர், என் பதிலைக் கேட்டதும் நல்ல தமிழுக்கு மாறினார். பஸ் ஸ்டாண்டுக்கு நூற்றைம்பது ரூபாய் என்றார். ஒன்றரை கிலோமீட்டர்தான். இரவுக்கு மீட்டரில் ஒன்றரை மடங்கு என்பது இங்கே வழக்கம். அப்படிக் கணக்குப் போட்டாலும் அவர் கேட்டதில் பாதிகூட வராது. மீட்டர் போடச் சொன்னேன். "பஸ் ஸ்டாண்ட் இப்ப காலியா கிடக்கும்க்கா. ஒரு ஆள் இருக்க மாட்டாங்க. தெரிஞ்ச லாட்ஜ் ஒண்ணு இருக்கு, எண்ணூறு ரூபா, கொண்டுபோய் விடறேன்" என்றார். காலியா இல்லையா என்று போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். நன்றி சொல்லிவிட்டு இர்வின் ரோடு பக்கம் திரும்பினேன்.

சாலையில் விளக்கு நன்றாகவே எரிந்தது. கடைகளின் ஷட்டர்கள் இறங்கியிருந்தன. வழியில் ஒரு லாட்ஜில் பெயர்ப்பலகை மின்னியது, ஏறிப் போய்க் கேட்டேன். மேசைக்குப் பின்னால் இருந்த பையன் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தான், பின்னால் யாராவது வருகிறார்களா என்று. "சிங்கிளா? லேடீஸ் சிங்கிளுக்குக் கொடுக்கறதில்ல மேடம்." ஆதார் அட்டையை எடுத்து நீட்டினேன். "ஓனர் சொல்லியிருக்காரு" என்றான். அவனுக்குப் பின்னால் ஆணியில் வரிசையாகச் சாவிகள் தொங்கின. தனி ஆளுக்கு அறை கொடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஏதாவது ஆகிவிட்டால் போலீஸ், விசாரணை என்று அலைய வேண்டுமே என்கிற பயம்தான். அந்தப் பயத்தால் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு பெண்ணைத் தெருவுக்கு அனுப்புகிறோமே என்று யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை.

கொஞ்ச தூரத்தில் கே.ஆர். ஆஸ்பத்திரி வந்தது. மைசூர் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பெரிய அரசு மருத்துவமனை. பக்கத்திலேயே பிரசவத்துக்குப் பேர் போன செலுவாம்பா ஆஸ்பத்திரி. அதுவரை அடங்கிக் கிடந்த தெரு இங்கே விழித்திருந்தது. மருந்துக்கடை திறந்திருந்தது. நடைபாதையில் பாய் விரித்து நோயாளிகளின் சொந்தக்காரர்கள் படுத்திருந்தார்கள். டெட்டாலும் இட்லி மாவும் கலந்த ஒரு வாசம். சைக்கிளில் பிளாஸ்க் கட்டிக்கொண்டு ஒருவர் டீ விற்றார், ஒரு கப் பத்து ரூபாய். இஞ்சி தூக்கலாக இருந்தது.

நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். ஹெச்.டி. கோட்டைப் பக்கத்திலிருந்து மகளைப் பிரசவத்துக்குக் கூட்டி வந்திருக்கிறார். அவருடைய கன்னடமும் என்னுடைய தமிழும் பாதி வழியில் சந்தித்துக்கொண்டன. நான் தனியாக வந்திருக்கிறேன் என்று புரிந்ததும் பாயின் ஒரு ஓரத்தைத் தட்டி, "கூத்கோம்மா" என்றார். உட்கார்ந்தேன். எங்கிருந்து வருகிறேன், கல்யாணம் ஆயிற்றா என்று எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார். உள்ளேயிருந்து கூப்பிட்டதும் பையை என்னிடமே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடினார். திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. பேத்தி பிறந்திருக்கிறாள்.

பன்னிரண்டரைக்கு சப்அர்பன் பஸ் ஸ்டாண்டை எட்டினேன். அது இருக்கும் சாலைக்கே பெங்களூரு–நீலகிரி ரோடு என்று பெயர். ஆட்டோக்காரர் சொன்னது போல அங்கே எதுவும் காலியாகக் கிடக்கவில்லை. எல்லா விளக்கும் எரிந்தது, பெஞ்சுகளில் பெண்களே அதிகம். முக்கால்வாசிப் பேர் மலை மாதேஸ்வரர் கோயிலுக்குப் போகிற கூட்டம், மறுநாள் அமாவாசை. 2023 ஜூனில் வந்த சக்தி திட்டத்தால் கர்நாடகப் பெண்களுக்கு அரசின் சாதாரண பஸ்களில், மாநிலத்துக்குள் கட்டணம் இல்லை. "முன்னாடி வருஷத்துக்கு ஒரு தடவை போவோம். இப்ப அமாவாசைக்கு அமாவாசை" என்று தமிழில் சொன்னார் கொள்ளேகால்காரப் பாட்டி ஒருவர். எனக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆனால் அந்தத் திட்டம் நிரப்பிய பெஞ்சுகளுக்கு நடுவில் நானும் தைரியமாக உட்கார முடிந்தது.

பெண் போலீஸ் ஒருவர் வந்து அடையாள அட்டை கேட்டார். பார்த்துவிட்டு, விசாரணைக் கவுன்ட்டருக்கு எதிரே விளக்கடியில் உட்காரச் சொன்னார். அவர் அந்தப் பக்கம் போனதும் சுத்தமாகச் சட்டை போட்ட இளைஞர் ஒருவர் வந்தார். எந்த ஊர், எந்த ஓட்டல், எத்தனை நாள் என்று நல்ல ஆங்கிலத்தில் வரிசையாகக் கேட்டார். ஊதுபத்தியும் சந்தன எண்ணெயும் செய்கிற இடம் ஒன்று தெரியும், காலையில் கூட்டிப்போகிறேன், பைசா வேண்டாம் என்றார். தேவராஜா மார்க்கெட் பக்கம் சுற்றுலாப் பயணிகளிடம் பகலில் நடக்கிற வியாபாரம்தான் இது, கடையில் கமிஷன் உண்டு. "வேண்டாம் தம்பி" என்றேன். அடுத்த கேள்வி கேட்டார். நான் எழுந்து பாட்டி பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் நகர்ந்துவிட்டார்.

மூன்றரைக்கு வந்த ஒரு பஸ்ஸிலிருந்து பூக்கூடைகளோடு நாலைந்து பெண்கள் இறங்கினார்கள். சிக்க கடியாரம் என்கிற மணிக்கூண்டுப் பக்கம் போகிறோம் என்றார்கள். கேட்டுக்கொண்டு கூடவே நடந்தேன், ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. ஞாயிறு மாலைகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் பல்பு எரிகிற அரண்மனை வெறும் கறுப்பு நிழலாக நின்றது. மணிக்கூண்டின் அடியில் சாக்கை அவிழ்த்ததும் மல்லிகை வாசம் குப்பென்று எழுந்தது. ஒருவர் கட்டக் கட்ட இன்னொருவர் இரண்டு கையையும் அகல விரித்து மாரு அளந்தார். ஒரு மாரு அறுபது ரூபாய். நான் வாங்கியபோது ஒரு சாணுக்கு மேலேயே சேர்த்துக் கொடுத்துவிட்டு, "பஸ்ஸுக்கு லேட்டாகும், போங்க" என்று விரட்டினார்.

ஐந்து மணிக்குச் சற்று முன்னால் ஊட்டி பஸ் கிளம்பியது. சோதனைச்சாவடி திறக்கிற நேரத்துக்குக் காட்டின் வாசலில் போய் நிற்கிற மாதிரி கணக்கு.

தனியாகக் கிளம்புகிற பெண்களுக்கு நான் பார்த்ததிலிருந்து ஒன்று சொல்வேன். தெரியாத ஊரில் ராத்திரி நேரத்தில், தானாக வந்து உதவுகிறேன் என்பவரைவிட, தன் வேலையைப் பார்த்துக்கொண்டு ஓரிடத்தில் இருப்பவரிடம் நீங்களாகப் போய்க் கேளுங்கள். டீக்காரர், பூக்காரர், ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்பவர் என்று யாராவது கட்டாயம் இருப்பார்கள். லாட்ஜ்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆதாரை வாங்கிப் பதிவு செய்யுங்கள், முன்பணம் வாங்குங்கள், ஆனால் தனியாக வந்தாள் என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள். ராத்திரி முழுக்க மூடிக் கிடக்கிற சாலையின் இந்தப் பக்கம், பஸ் ஸ்டாண்டுக்குள்ளேயே பெண்கள் படுத்தெழ ஒரு கூடத்தை அரசு கட்டிக் கொடுக்க வேண்டும்.